ஈஸ்ட் செய்யும் வேதியியல்

கரிம வேதியியலாளர்களிடையே 'ஆர்கானிக் சிந்தெசிஸ்' என்ற தொகுப்பு வரிசைக்குத் தனி மரியாதை உண்டு. 1921-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த வரிசையில் ஒரு செய்முறை இடம்பெற வேண்டுமென்றால், எழுதியவர் செய்து பார்த்திருந்தால் மட்டும் போதாது. பதிப்புக் குழுவைச் சேர்ந்த இன்னொருவரின் ஆய்வகத்தில் அதை மறுபடி செய்து, சொன்னபடி பொருள் கிடைத்த பிறகே அச்சுக்குப் போகும். 1985-இல் வந்த 63-ஆம் தொகுதியின் முதல் செய்முறை சூரிச் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழகத்திலிருந்து டீட்டர் சீபாக்கும் அவர் குழுவினரும் அனுப்பியது. தீப்பற்றும் உலோக ஹைட்ரைடுகளும் நச்சு வாயுக்களும் சாதாரணமாகப் புழங்கும் அந்த வரிசையில், இதற்குத் தேவையான பொருட்கள் இவைதான்: குழாய்த் தண்ணீர் 1.6 லிட்டர், சர்க்கரை 300 கிராம், ரொட்டி செய்யும் ஈஸ்ட் 200 கிராம்.

மூன்றையும் நாலு லிட்டர் குடுவையில் போட்டு, 30 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் கலக்கினால் கலவை நுரைக்கத் தொடங்கும். கார்பன் டை ஆக்சைடு நொடிக்கு இரண்டு குமிழி என்ற கணக்கில் வெளியேறும். அப்போது எத்தில் அசிட்டோஅசிட்டேட் என்ற எஸ்டரை 20 கிராம் ஊற்ற வேண்டும். ஒரு நாள் கழித்து, வெதுவெதுப்பான நீரில் கரைத்த இன்னும் கொஞ்சம் சர்க்கரை. ஒரு மணி நேரம் விட்டு, அதே எஸ்டர் இன்னொரு 20 கிராம். இரண்டு மூன்று நாள் கலக்கிக்கொண்டே இருந்துவிட்டு, செல்களை வடிகட்டி நீக்கி, வடிநீரில் உப்பைக் கரைத்து, ஈதரால் பிரித்தெடுத்துக் காய்ச்சி வடித்தால், நிறமற்ற ஒரு திரவம் கிடைக்கும். பெயர் எத்தில் 3-ஹைட்ராக்ஸிபியூட்டனோயேட். விளைச்சல் 59 முதல் 76 சதவீதம்.

மூலக்கூறில் நடந்த மாற்றம் மிகச் சிறியது. அசிட்டோஅசிட்டேட்டின் நடுவே ஒரு கீட்டோன் இருக்கிறது, அதாவது இரட்டைப் பிணைப்பால் ஆக்சிஜனைப் பிடித்திருக்கும் ஒரு கரி அணு. அதில் இரண்டு ஹைட்ரஜன் சேர்ந்து அது ஆல்கஹாலாகிவிட்டது. இந்த வேலைக்கு ஈஸ்ட் எதற்கு? சோடியம் போரோஹைட்ரைடு என்ற வெள்ளைத் தூளைப் போட்டால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடுமே என்று வேதியியல் படித்த எவரும் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான்.

கீட்டோனில் அந்தக் கரி அணு தட்டையானது. ஹைட்ரஜன் அதை மேல்பக்கத்திலிருந்தும் தாக்கலாம், கீழ்ப்பக்கத்திலிருந்தும் தாக்கலாம். எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து, ஒன்றுக்கொன்று ஆடி பிம்பமாக இருக்கும் இரண்டு ஆல்கஹால்கள் உண்டாகும். இரண்டிலும் அதே அணுக்கள், அதே பிணைப்புகள், அதே கொதிநிலை. ஆனால் இடக்கால் செருப்பு வலக்காலில் ஏறாததுபோல, ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. போரோஹைட்ரைடுக்கு மேலும் தெரியாது, கீழும் தெரியாது. அது இரண்டு வடிவங்களையும் சரிபாதியாகத் தரும். பாடப்புத்தகத்தில் சுழிமாய்க் கலவை என்று படித்திருப்பீர்கள். ஈஸ்ட்டோ ஒரு பக்கத்தை மட்டும் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கிறது. சீபாக்கின் குடுவையில் உண்டான நூறு மூலக்கூறுகளில் 92-க்கும் மேற்பட்டவை எஸ் என்று குறிக்கப்படும் வடிவம். எஸ்டரைச் சிறிது சிறிதாக விட்டு, காற்றும் கிடைக்கும்படி செய்தால், இது 97-ஐத் தாண்டும்.

ஒரு வடிவம் மட்டும் தேவைப்படும் இடங்கள் உயிர் உலகமெங்கும் இருக்கின்றன. மருந்துகளைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நான் வண்டுகளிலிருந்து தொடங்குகிறேன். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில், வெட்டிப் போட்ட ஊசியிலை மரங்களைத் துளைத்துக் கெடுக்கும் நேத்தோட்ரைக்கஸ் என்ற வண்டினம் இருக்கிறது. அதில் இரண்டு சிற்றினங்கள் தம் கூட்டத்தை அழைக்க சல்கட்டால் என்ற ஒரே வேதிப்பொருளை வெளியிடுகின்றன. ஆனால் சல்கேட்டஸ் என்ற சிற்றினத்துக்கு இரு வடிவங்களும் கலந்திருந்தால்தான் அழைப்பு புரியும். தனித்தனியாகக் கொடுத்தால் எதுவும் எடுபடாது. ரெட்டூசஸ் என்ற மற்றதற்கு எஸ் வடிவம் மட்டுமே அழைப்பு. அதன் ஆடி பிம்பமான ஆர் வடிவம் கலந்தால் வண்டு வராது. ரெட்டூசஸுக்குப் பொறி வைக்க விரும்புகிறவருக்குச் சுழிமாய்க் கலவையால் பயனில்லை. 1981-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் கென்ஜி மோரி எஸ் சல்கட்டாலைத் தயாரித்தபோது, அவருடைய தொடக்கப் பொருள் நாம் மேலே பார்த்த அதே ஈஸ்ட் ஆல்கஹால்தான்.

ஆர் வடிவ ஹைட்ராக்ஸிபியூட்டனோயேட் வேண்டுமென்றால் என்ன செய்வது? அதற்கும் நுண்ணுயிர்தான். சில பாக்டீரியாக்கள் உணவு மிஞ்சும்போது பாலிஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற பிளாஸ்டிக்கைத் தம் உடலுக்குள் சேமிக்கின்றன. அதன் கண்ணிகள் அத்தனையும் ஆர் வடிவம். சீபாக் அந்தப் பிளாஸ்டிக்கை ஆல்கஹாலில் உடைத்து ஆர் எஸ்டரை எடுத்தார். ஒரு கை ஈஸ்ட்டிடமிருந்து, மறு கை பாக்டீரியாவிடமிருந்து.

இப்போது செல்லுக்குள் போவோம். பிழிந்து கட்டியாக்கிய ஈஸ்ட் ஒரு கிராமில் சுமார் 1000 கோடி செல்கள் இருக்கும். அவை ஒவ்வொன்றிலும் கீட்டோன்களை ஒடுக்கும் நொதிகள் பல உண்டு. நொதியின் நடுவே ஒரு குழிவு. கீட்டோன் அதற்குள் ஒரே விதமாகத்தான் உட்கார முடியும். பெரிய தொகுதி ஒரு பக்கம், சிறிய தொகுதி மறுபக்கம். அதே குழிவில், கீட்டோனின் ஒரு முகத்தை மட்டும் பார்த்தபடி, என்.ஏ.டி.பி.எச். என்ற துணைநொதி அமர்ந்திருக்கும். அதுதான் ஹைட்ரஜனை, இரண்டு எலக்ட்ரான்களோடு சேர்த்து, ஹைட்ரைடாகக் கையளிக்கிறது. ஹைட்ரைடு எப்போதும் ஒரே திசையிலிருந்து வருவதால் ஒரே வடிவம் கிடைக்கிறது. எந்தக் கீட்டோனுக்கு எந்த வடிவம் வரும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு விதியை 1964-இல் விளாடிமிர் பிரிலாக் வகுத்தார். சரயேவோவில் பிறந்து, சீபாக்கின் அதே சூரிச் நிறுவனத்தில் பணியாற்றியவர். 1975-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். அவர் ஆராய்ந்தது கர்வுலேரியா என்ற பூஞ்சையை. ஆனால் ஈஸ்ட்டும் பெரும்பாலான வேளைகளில் அவர் விதிப்படியே நடக்கிறது.

ஹைட்ரைடைக் கொடுத்த துணைநொதி வெறுங்கையோடு நிற்கும். ஒரு மூலக்கூறு கீட்டோனுக்கு ஒரு மூலக்கூறு துணைநொதி செலவாகிறது. அதைக் கடையில் வாங்கி ஊற்றுவதென்றால் எந்தத் தொழிற்சாலையும் தாங்காது. துணைநொதியின் விலை, உண்டாகும் பொருளின் விலையைப் பல மடங்கு விழுங்கிவிடும். இங்கேதான் சர்க்கரைக்கு வேலை. உயிருள்ள செல் சர்க்கரையைத் தின்று, அதிலிருந்து எலக்ட்ரான்களை உருவி, வெறுங்கையோடு நிற்கும் துணைநொதியில் மறுபடி ஏற்றிவிடுகிறது. ஒரே துணைநொதி மூலக்கூறு திரும்பத் திரும்ப உழைக்கிறது. நொதியைச் செல்லிலிருந்து பிரித்தெடுக்காமல் செல்லையே முழுசாகக் குடுவையில் போடுவதன் முதல் நியாயம் இதுதான். நொதி, துணைநொதி, அதை மீட்கும் ஏற்பாடு மூன்றும் ஒரு பொட்டலத்தில், ரொட்டிக் கடை விலையில் கிடைக்கின்றன.

இப்படி ஈஸ்ட்டிடம் அந்நியப் பொருளைக் கொடுத்து மாற்றிப் பார்க்கும் பழக்கம் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கியது. அதற்கு முன்பே லூயி பாஸ்ச்சர் வழி காட்டியிருந்தார். 1848-இல் டார்ட்டாரிக் அமில உப்பின் இடவலப் படிகங்களை இடுக்கியால் பிரித்தவர், பத்தாண்டு கழித்து, சுழிமாய்க் கலவையில் பூஞ்சையை வளர்த்தால் அது வலஞ்சுழி வடிவத்தைத் தின்று இடஞ்சுழியை மிச்சம் வைக்கிறது என்று கண்டார். இடவல வேறுபாடு உயிருக்குத் தெரியும் என்பதற்கு அதுவே முதல் சான்று. ஆனால் அவர் நொதித்தலை உயிருள்ள செல்லின் செயலாகவே கருதினார். 1897-இல் எட்வர்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துப் பிழிந்தார். செல் இல்லாத அந்தச் சாறு கெட்டுப்போகாமல் இருக்கச் சர்க்கரை சேர்த்தபோது குமிழிகள் கிளம்பின. உயிர் போன பிறகும் நொதித்தல் நடக்கிறது. அதைச் செய்வது வேதிப்பொருள். இதற்காக 1907-இல் அவருக்கு வேதியியல் நோபல். 1898-இல் வின்டிஷ் என்ற ஜெர்மானியர், நொதிக்கும் ஈஸ்ட்டில் ஃபர்ஃபுராலைச் சேர்த்தால் அது ஃபர்ஃபுரைல் ஆல்கஹாலாக ஒடுங்குவதைப் பதிவு செய்தார். ஃபர்ஃபுரால் ஈஸ்ட்டின் இயல்பான உணவு அல்ல. தனக்குத் தொடர்பில்லாத மூலக்கூறையும் அது திருத்துகிறது என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

இந்த இழையை எடுத்து ஒரு துறையாக நெய்தவர் கார்ல் நாய்பெர்க். பெர்லின் டாலெமில் கைசர் வில்ஹெல்ம் உயிர்வேதியியல் நிறுவனத்தை நடத்தியவர். ஈஸ்ட்டின் வேலையை இடையில் மறித்துப் பார்ப்பது அவருடைய முறை. சர்க்கரை ஆல்கஹாலாகும் வழியில் அசிட்டால்டிஹைடு என்ற இடைப்பொருள் உண்டாகிறது. சல்ஃபைட்டைப் போட்டு அதைப் பிடித்து வைத்துவிட்டால், துணைநொதி தன் ஹைட்ரைடை இறக்க வேறு இடம் தேடும்; அப்போது கிளிசரால் பெருகும். முதல் உலகப் போரில் ஜெர்மனிக்குக் கொழுப்பு கிடைக்காமல் போனபோது, வெடிமருந்துக்கு வேண்டிய கிளிசராலை இந்த வழியில் மாதம் ஆயிரம் டன் அளவுக்குத் தயாரித்தார்கள். அறிவியல் வரலாற்றில் இப்படிப்பட்ட பக்கங்களும் இருக்கின்றன, மறைக்க வேண்டியதில்லை.

1921-இல் நாய்பெர்க்கும் ஹிர்ஷும் நொதித்துக்கொண்டிருக்கும் ஈஸ்ட்டில் பாதாம் மணம் கொண்ட பென்சால்டிஹைடைச் சேர்த்தார்கள். அது பென்சைல் ஆல்கஹாலாக ஒடுங்கும் என்பது எதிர்பார்த்ததே. அதோடு எதிர்பாராத ஒன்றும் வந்தது. ஈஸ்ட் தன் சர்க்கரையிலிருந்து எடுத்த இரண்டு கரி அணுக்களைப் பென்சால்டிஹைடோடு ஒட்டவைத்திருந்தது. ஃபீனைல்அசிட்டைல்கார்பினால் என்ற அந்தப் புதிய பொருள் ஒரே கை வடிவத்தில் இருந்தது. வழக்கமாகப் பைருவேட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றும் நொதி ஒன்று, கையில் மிச்சமிருந்த துண்டை அசிட்டால்டிஹைடாக விடுவதற்குப் பதில், பக்கத்தில் கிடைத்த பென்சால்டிஹைடோடு பிணைத்துவிடுகிறது. வைட்டமின் பி1-இலிருந்து உண்டாகும் துணைநொதிதான் அந்தத் துண்டைப் பிடித்து வைத்திருப்பது. ஒரு மூலக்கூறைத் திருத்துவது வேறு, கரியோடு கரியைப் பிணைத்துப் புதிதாகக் கட்டுவது வேறு. ஈஸ்ட்டுக்கு இரண்டும் முடியும் என்று அன்று தெரிந்தது.

இந்தக் கண்டுபிடிப்புக்கு உடனே ஒரு தேவை காத்திருந்தது. சீன மருத்துவத்தில் மா ஹுவாங் என்று வழங்கும் எபிட்ரா செடியிலிருந்து ஜப்பானின் நாகாய் நாகயோஷி 1885-இல் எபிட்ரின் என்ற பொருளைப் பிரித்தெடுத்திருந்தார். 1920-களில் பீக்கிங்கில் கே. கே. சென்னும் கார்ல் ஷ்மிட்டும் அதன் மருத்துவப் பயனை உலகுக்கு எடுத்துச் சொன்னதும், ஆஸ்துமாவுக்கு அதைக் கேட்டு மேற்குலகம் அலைந்தது. செடியோ போதுமான அளவு வரவில்லை. ஜெர்மனியின் லுட்விக்ஸ்ஹாஃபனில் இருந்த நோல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹில்டெப்ராண்டும் கிளாவெனும், நாய்பெர்க் கண்ட ஈஸ்ட் பொருளிலிருந்து எபிட்ரினின் சரியான வடிவத்தை நேரடியாகச் செய்யலாம் என்று காட்டி 1930-களின் தொடக்கத்தில் காப்புரிமை பெற்றார்கள். உயிர்செல் ஒரு படியும் வேதியியல் அடுத்த படியும் செய்யும் தொழில்முறை மருந்துத் தயாரிப்புகளில் இது மிகப் பழையது. இன்றும் நின்றுபோகவில்லை. முதுகுத்தண்டு மயக்க மருந்து கொடுத்து அறுவைப் பிரசவம் செய்யும்போது தாயின் இரத்த அழுத்தம் விழுந்துவிடாமல் காக்கும் ஊசி எபிட்ரின்தான். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் அது இருக்கிறது. அதன் உறவுப் பொருளான சூடோஎபிட்ரின் மூக்கடைப்பு மாத்திரைகளில் வருகிறது. இவ்விரண்டையும் தயாரிப்பதில் உலகமறிந்த நிறுவனங்களில் ஒன்றான மல்லாடி, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. போதைப்பொருள் தயாரிப்புக்குத் திருப்பிவிடப்படும் ஆபத்து இருப்பதால் இவற்றின் உற்பத்தியையும் விற்பனையையும் அரசுகள் கண்காணிக்கின்றன. அது சரியான கண்டிப்பு.

நாய்பெர்க்குக்குக் காலம் கருணை காட்டவில்லை. யூதர் என்பதற்காக 1930-களில் நாஜி அரசு அவரைத் தன் நிறுவனத்திலிருந்து வெளியேற்றியது. நாடு விட்டு நாடு போய், 1956-இல் நியூயார்க்கில் இறந்தார். உயிர்வினையூக்கம் என்ற துறையில் இன்று புழங்கும் எத்தனையோ பேருக்கு அவர் பெயர் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும்.

1937-இல் இத்தாலியின் மமோலியும் வெர்செல்லோனேயும் ஆண்ட்ரோஸ்டீன்டையோனை ஈஸ்ட்டிடம் கொடுத்து டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோனைப் பெற்றார்கள். நான்கு வளையம் கொண்ட அந்தப் பெரிய மூலக்கூறில் இரண்டு கீட்டோன்கள் உண்டு. ஒன்றை ஒடுக்கி மற்றதைத் தொடாமல் விட்டது ஈஸ்ட். 1976-இல் பேசல் நகரின் ரோஷ் நிறுவனத்தில் லாயன்பெர்கர் குழு, கீட்டோஐசோஃபோரோன் என்ற பொருளில் கரி-கரி இரட்டைப் பிணைப்பை ஈஸ்ட்டால் ஒடுக்கி, மக்காச்சோளத்துக்கு மஞ்சள் தரும் சியாசாந்தினைத் தயாரிக்க உதவும் ஒரு கைவடிவப் பொருளை எடுத்தது. இந்த வகை வேலையைச் செய்பவை, 1930-களின் தொடக்கத்தில் ஓட்டோ வார்பர்கும் வால்டர் கிறிஸ்டியனும் பீர் ஈஸ்ட்டிலிருந்து பிரித்த 'பழைய மஞ்சள் நொதி'யின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

இவ்வளவு நல்லதென்றால் எல்லா ஆய்வகமும் ஏன் ஈஸ்ட்டுக்கு மாறவில்லை? காரணம், செல்லுக்குள் ஒரு நொதி மட்டும் இல்லை. இதை அழகாக வெளிக்கொண்டுவந்தவர் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் சி. அவருக்கு வேண்டியிருந்தது எல்-கார்னிட்டின். கொழுப்பு அமிலங்களை எரிப்பதற்காக மைட்டோகாண்ட்ரியாவுக்குள் ஏற்றிச் செல்லும் பொருள் அது. தொடக்கமாக குளோரோஅசிட்டோஅசிட்டேட்டின் எத்தில் எஸ்டரை ஈஸ்ட்டிடம் கொடுத்தார். வந்தது பெரும்பாலும் எஸ் வடிவம். கார்னிட்டினுக்கு வேண்டியதோ ஆர் வடிவம். அவர் ஈஸ்ட்டை மாற்றவில்லை, வினை நடக்கும் பகுதியில் கை வைக்கவும் இல்லை. எஸ்டரின் வாலை மட்டும் நீட்டினார். இரண்டு கரி கொண்ட எத்தில் இருந்த இடத்தில் எட்டுக் கரி கொண்ட ஆக்டைல். அதே ஈஸ்ட், அதே சர்க்கரை; இப்போது வந்தது கிட்டத்தட்ட முழுக்க ஆர் வடிவம். 1983-இல் இது வெளியானது.

விளக்கம் எளிது, ஆனால் ஆழமானது. ஒரே கீட்டோனைப் பிடிக்க இரண்டு வகை நொதிகள் போட்டி போடுகின்றன. ஒன்று எஸ் வடிவத்தைத் தருகிறது, மற்றது ஆர். வெளியே வரும் விகிதம் அந்தப் போட்டியின் முடிவு. குட்டை வால் ஒரு நொதிக்கு வசதி, நீண்ட வால் மற்றதற்கு வசதி. பிறகு சியின் குழு அந்த நொதிகளைத் தனித்தனியே பிரித்தபோது, அவற்றில் ஒன்று செல்லின் கொழுப்பு அமிலங்களைக் கட்டும் பெரிய நொதித்தொகுதியே என்று தெரியவந்தது.   சீபாக்கின் குடுவையில் எஸ்டரைச் சிறிது சிறிதாக விட்டால் தூய்மை கூடியதற்கும் இந்தப் போட்டியே காரணம். எஸ் தரும் நொதி, குறைந்த செறிவிலும் கீட்டோனைப் பிடித்துக்கொள்ளும். எஸ்டர் குவிந்தால்தான் மற்றதற்கு வாய்ப்பு.

இது புரிந்ததும் போட்டியைக் கட்டுப்படுத்தும் வழிகளும் பிறந்தன. கியோட்டோ பல்கலைக்கழகத்தின் கவோரு நாகமுரா, அல்லைல் ஆல்கஹால் போன்ற பொருட்களைச் சிறிதளவு சேர்த்தார். அவை ஒரு நொதியை முடக்கி மற்றதை விட்டுவைத்தன; விகிதம் மாறியது. ஆனால் இது வெளியிலிருந்து செய்யும் சரிக்கட்டல். 1996-இல் ஈஸ்ட்டின் மரபணுத்தொகுதி முழுவதும் படிக்கப்பட்டது. உட்கரு கொண்ட உயிர்களில் முழுதாகப் படிக்கப்பட்ட முதல் உயிர் இதுதான். சுமார் 6000 மரபணுக்கள். அவற்றில் கீட்டோனை ஒடுக்கக்கூடிய நொதிகளுக்குரியவை எவை என்று பட்டியலிடவே முடிந்தது. புளோரிடா பல்கலைக்கழகத்தின் ஜான் ஸ்டூவர்ட் இரண்டு பக்கமும் வேலை செய்தார். ஒரு பக்கம், ஈஸ்ட்டுக்குள்ளேயே வேண்டாத நொதியின் மரபணுவை நீக்கி, வேண்டியதைப் பெருக்கினார். மறுபக்கம், ஈஸ்ட்டின் ஒடுக்கும் நொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரித்து, எது எந்தக் கீட்டோனை எந்த வடிவத்துக்கு மாற்றுகிறது என்று வரிசையாகச் சோதித்தார். தனியே எடுத்தபோது பல நொதிகள் மிகக் கறாராக இருந்தன. ஈஸ்ட் முழுசெல்லின் சுமாரான தேர்வு, பல கறாரான நொதிகளின் கூட்டு விளைவு என்பது அப்போது உறுதியாயிற்று.

இன்னொரு சிக்கல், பாடப்புத்தகங்கள் எழுதாதது: பிரித்தெடுப்பு. இறந்த செல்கள் ஈதரோடு சேர்ந்து கெட்டியான பால்மமாகி அடுக்குகள் பிரியாமல் நிற்கும். செல்களை ஆல்ஜினேட் மணிகளுக்குள் அடைத்தால் இந்தத் தொல்லை குறையும். அதைவிடப் பெரியது நச்சுத்தன்மை. பல கரிமப் பொருட்கள் லிட்டருக்குச் சில கிராம் போனாலே ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். அப்படியென்றால் ஒரு கிலோ மருந்துக்கு ஒரு தொட்டித் தண்ணீர் வேண்டும்.

எலி லில்லி நிறுவனம் 1990-களில் இதற்குக் கண்ட தீர்வு என் மனத்துக்கு மிகவும் பிடித்தது. வலிப்பு நோய்க்காக ஆராய்ந்துகொண்டிருந்த எல்.ஒய். 300164 என்ற பொருளின் தயாரிப்பில், ஒரு கீட்டோனை ஒரே வடிவ ஆல்கஹாலாக்க வேண்டியிருந்தது. சோயா சாஸ் நொதிப்பில் வாழும் சைகோசாக்கரோமைசஸ் ரூக்சி என்ற ஈஸ்ட் அதைப் பிசிறில்லாமல் செய்தது. ஆனால் கீட்டோன் ஈஸ்ட்டுக்கு நஞ்சு. எனவே கீட்டோனைப் பிசின் மணிகளில் உறிஞ்சவைத்து, மணிகளைத் தொட்டியில் போட்டார்கள். மணியிலிருந்து கீட்டோன் மெல்லக் கசிந்து நீருக்கு வரும். ஈஸ்ட் அதை மாற்றும். உண்டான ஆல்கஹால் திரும்பவும் மணிக்கே போய் ஒட்டிக்கொள்ளும். நீரில் நஞ்சின் அளவு எப்போதும் குறைவு, தொட்டியில் மொத்த அளவோ அதிகம். முடிந்ததும் சல்லடையில் மணிகளை அள்ளினால் பொருள் கையில். பால்மம் என்ற பேச்சே இல்லை. செயல்முறை முழுவதையும் மாற்றியமைத்ததில், 100 கிலோ பொருளுக்குச் சுமார் 34,000 லிட்டர் கரைப்பானும் 300 கிலோ குரோமியக் கழிவும் தவிர்க்கப்பட்டன. 1999-இல் அமெரிக்காவின் பசுமை வேதியியல் விருது இதற்குக் கிடைத்தது. தோல் பதனிடும் ஊர்களின் நிலத்தடி நீரைப் பார்த்த நமக்கு, 300 கிலோ குரோமியம் என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

இன்று பெரிய மருந்துத் தொழிற்சாலைகள் முழு ஈஸ்ட்டிலிருந்து விலகி, பிரித்தெடுத்துத் திருத்திய நொதிகளுக்குப் பெருமளவு போய்விட்டன. நொதியைத் தயாரிப்பது மலிவாகிவிட்டது. துணைநொதியை மீட்கக் குளுக்கோஸும் இன்னொரு நொதியும் போதும். இதற்குச் சிறந்த சான்று கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாட்டின். கோடெக்சிஸ் நிறுவனம் அதன் பக்கச் சங்கிலிக்காக ஒரு கீட்டோன் ஒடுக்கும் நொதியை ஆய்வகத்தில் பல தலைமுறை திருத்தி வளர்த்து, 2006-இல் அதே பசுமை விருதைப் பெற்றது. அந்த நொதிக்குக் கொடுக்கும் தொடக்கப் பொருள் எது தெரியுமா? சி கார்னிட்டினுக்காக எடுத்த அதே எத்தில் குளோரோஅசிட்டோஅசிட்டேட். இங்கே வேண்டியது, அவர் வேண்டாமென்று ஒதுக்கிய எஸ் வடிவம்.

அதற்காக முழு செல்லின் காலம் முடிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். பத்துப் பன்னிரண்டு படிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய இடத்தில் தனி நொதிகள் திணறும், செல் திணறாது. கலிபோர்னியாவில் ஜே கீஸ்லிங்கின் குழு மாசிபத்திரிக் குடும்பச் செடியின் மரபணுக்களை ஈஸ்ட்டில் ஏற்றி, மலேரியா மருந்தான ஆர்ட்டெமிசினினின் முன்பொருளை 2006-இல் செய்துகாட்டியது. 2013-க்குள் விளைச்சல் லிட்டருக்கு 25 கிராமைத் தொட்டது. அதுவும் வேதியியலும் உயிரும் பாதிப்பாதி செய்யும் வேலைதான்: ஆர்ட்டெமிசினிக் அமிலம் வரை ஈஸ்ட், மிச்சப் படிகள் குடுவையில்.

முழு செல் இன்னும் தன் இடத்தை முழுமையாகப் பெறாத ஒரு களம் இருக்கிறது. அது நம் கல்லூரி ஆய்வகம். தூய நொதிகளை வாங்க எல்லாத் துறைகளிடமும் பணமில்லை. ஆனால் சீபாக்கின் செய்முறையைப் பத்தில் ஒரு பங்காகச் சுருக்கினால் 20 கிராம் ஈஸ்ட், 30 கிராம் சர்க்கரை, 160 மில்லி தண்ணீர், இரண்டு கிராம் எஸ்டர் போதும். ஈதருக்குப் பதில் தீ அபாயம் குறைந்த எத்தில் அசிட்டேட்டால் பிரித்தெடுக்கலாம். கிடைத்த பொருள் ஒளியை வலப்பக்கம் சுழற்றுகிறதா என்று பார்க்கப் புதுக் கருவி வேண்டாம். சர்க்கரைக் கரைசலின் தலைகீழ் மாற்றத்தை அளக்க இயற்பிய வேதியியல் செய்முறை வகுப்பில் வைத்திருக்கும் அதே போலாரிமீட்டர் போதும். பக்கத்து மேசையில் போரோஹைட்ரைடால் செய்த அதே ஆல்கஹாலை வைத்து அளந்தால் சுழற்சி எதுவும் தெரியாது. இரண்டு அளவீடுகளையும் ஒரே மதியத்தில் பார்க்கும் மாணவருக்கு முப்பரிமாண வேதியியல் கரும்பலகைப் படமாக இருக்காது. நுரைக்காத ஈஸ்ட் செத்த ஈஸ்ட். அதை வாங்கிய அன்றே சர்க்கரைத் தண்ணீரில் சோதித்துவிடுங்கள். வினை முடிய இரண்டு நாள் ஆகும் என்பதால் திங்கட்கிழமை தொடங்கிப் புதன்கிழமை பிரித்தெடுக்கலாம். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் செய்முறைப் பட்டியலைத் தாங்களே வகுத்துக்கொள்ள முடியும். பாடத்திட்டக் குழுவில் உட்காரும் ஆசிரியர்கள் வரும் கூட்டத்திலேயே இந்தச் சோதனையை முதுகலை முதலாண்டுப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.